டிரை சம்ப்: ஆயில் திரும்பி வரும் பாதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு பழைய ரேஸ் எஞ்சினைப் பத்திப் பேசப்போறோம். இன்னும் சரியாச் சொன்னா, அந்த எஞ்சினுக்குள்ள சுத்துற ஆயிலைப் பத்தி.

முதல்ல என் தகுதியைச் சொல்லிடுறேன். படிச்சது மெக்கானிக்கல், சம்பளம் வாங்குறது சாஃப்ட்வேர்ல. நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா இப்படி ஒருத்தர் மேலதான் விழணும். அதனால இன்னைக்கு அங்கங்க சர்வர், கியூன்னு ஆபீஸ் வாடை அடிக்கும். பொறுத்துக்கோங்க.

எஞ்சின் ரீபில்ட் வீடியோ பார்க்கிற பழக்கம் உங்கள்ல பல பேருக்கு இருக்கும்னு எனக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு, தூக்கம் வராம, யாரோ ஒருத்தர் துருப்பிடிச்ச எஞ்சினைக் கழட்டி மாட்டுறதைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்போம். அந்த வீடியோக்கள்ல பளபளன்னு பாலிஷ் போட்ட கிராங்க் ஷாஃப்ட்டைக் காட்டுவாங்க. புது பிஸ்டனைக் காட்டுவாங்க. ஆயில் டேங்க், கூலர், நாலஞ்சு ஹோஸ், இதையெல்லாம் ஓரமா ஒரு அட்டைப்பெட்டியில போட்டு வெச்சிருப்பாங்க. கடைசியில அப்படியே எடுத்து மாட்டிடுவாங்க.

இன்னைக்கு நான் சொல்ல வர்றதே அந்த அட்டைப்பெட்டியைப் பத்தித்தான். லட்சக்கணக்குல செலவு பண்ணி உயிர் கொடுத்த எஞ்சினை, அந்தப் பெட்டியில இருக்கிற ஒரு சின்னத் துகள் முதல் நாளே கொன்னுடலாம்.

குடத்துத் தண்ணியும் கார்னரும்

முதல்ல சாதா வண்டி. நம்ம வீட்டு காருக்கு எஞ்சின் அடியில ஒரு தட்டு இருக்கும், அதுதான் சம்ப். ஆயில் அதுல தேங்கி நிக்கும். ஒரு பம்ப் அதை உறிஞ்சி மேல பேரிங்குகளுக்கு அனுப்பும். வேலை முடிஞ்ச ஆயில் சொட்டிச் சொட்டித் திரும்பத் தட்டுலயே விழும். இதுக்குப் பேர் வெட் சம்ப். மலிவு, எளிமை, மளிகைக்கடைக்குப் போய் வர இதுவே தாராளம்.

இப்போ ஒரு குடம் தண்ணியை மடியில வெச்சுக்கிட்டு மாநகரப் பேருந்துல போறீங்கன்னு வெச்சுக்கோங்க. டிரைவர் அண்ணன் வளைவுல வேகமாத் திருப்பினா தண்ணி ஒரு பக்கமா ஏறும். எவ்வளவு ஏறும்னு கணக்கு இருக்கு. பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்பு அளவுக்கே வந்துடுச்சுன்னா, தண்ணியோட மேல்பரப்பு 45 டிகிரி சாயும். 2 ஜி-ன்னா கிட்டத்தட்ட 63 டிகிரி. பஸ்ல அவ்வளவு வராது. ரேஸ் கார்ல வரும்.

அப்படிச் சாஞ்சா சம்ப்ல இருக்கிற ஆயில் மொத்தமா ஒரு சுவருல ஏறி நிக்கும். பம்போட உறிஞ்சு குழாய் நடுவுல காத்தைக் குடிச்சுக்கிட்டிருக்கும். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கிட்டுச் சுத்துறது இல்ல. நடுவுல சில மைக்ரான் தடிமனுக்கு ஓர் ஆயில் படலம் இருக்கு, அதுமேல மிதந்துதான் சுத்துது. 9,000 ஆர்பிஎம்-ல ஓடுற எஞ்சின் ஒரு விநாடிக்கு 150 தடவை சுத்தும். ரெண்டு விநாடி வளைவுல ஆயில் வரலைன்னா, 300 சுத்து உலோகத்து மேல உலோகம். பேரிங் உருகி ஒட்டிக்கும். நம்ம மெக்கானிக் பாஷையில சொன்னா, எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு.

இதுக்கு ரேஸ் உலகம் கண்ட தீர்வுதான் டிரை சம்ப். எஞ்சினுக்கு அடியில ஆயிலைத் தேக்கி வைக்கவே வேண்டாம். விழுற ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சி வெளியே எடுத்து, தனியா ஒரு உயரமான டேங்க்ல போட்டு, அங்கேயிருந்து பேரிங்குக்கு அனுப்பு. டேங்க் ஒல்லியா, உயரமா இருக்கிறதால வண்டி எப்படித் திரும்பினாலும் அடிப்பக்கத்துல ஆயில் இருந்துகிட்டே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. அடியில ஆழமான தட்டு தேவையில்லாததால எஞ்சினை இன்னும் தாழ்வா உட்கார வைக்கலாம். 1954-ல ஜாகுவார் டி-டைப் கார்ல டிரை சம்ப் போட்டதுக்கு இந்த உயரக் குறைப்பு ஒரு முக்கியக் காரணம். முன்பக்கம் தாழ்ந்தா காத்தைக் கிழிக்கிறது சுலபம். அந்தக் கார் 1955, 1956, 1957 மூணு வருஷமும் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சது.

நம்ம கேஸ்: காஸ்வொர்த் டி.எஃப்.வி.

பொதுவாப் பேசினா காத்துல கத்தி வீசுற மாதிரி இருக்கும். அதனால ஒரு எஞ்சினை எடுத்துப்போம். காஸ்வொர்த் டி.எஃப்.வி. 3 லிட்டர், வி8, 32 வால்வ். லோட்டஸ் டீமோட காலின் சாப்மன் தூண்டி, ஃபோர்டு 1,00,000 பவுண்ட் கொடுக்க, கீத் டக்வொர்த் வடிவமைச்சது. காஸ்வொர்த்துங்கிற பேருலயே மைக் காஸ்டினும் டக்வொர்த்தும் பாதிப் பாதி இருக்காங்க.

1967 ஜூன் 4. நெதர்லாந்து, ஸாண்ட்வோர்ட். லோட்டஸ் 49 கார்ல இந்த எஞ்சினுக்கு அது முதல் ரேஸ். ஜிம் கிளார்க் ஜெயிச்சார். முதல் ரேஸ்லயே. அங்கிருந்து 1983 வரைக்கும் இந்தக் குடும்பம் 150-க்கும் மேல ஃபார்முலா ஒன் ரேஸ்களை ஜெயிச்சிருக்கு.

1968-ல இருந்து மத்த டீம்களுக்கும் இதை வித்தாங்க, ஒண்ணு 7,500 பவுண்ட். காசு கொடுத்தா யார் வேணா வாங்கலாம். அதனாலதான் இது நிறைய இருந்துச்சு, இன்னைக்கும் உயிரோட இருக்கு. மொனாக்கோ ஹிஸ்டாரிக் கிராண்ட் பிரீ மாதிரி பழைய கார் ரேஸ்கள்ல இப்பவும் இதோட சத்தத்தைக் கேட்கலாம். மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கிற பொருள் வேற. இதை மறுபடி முழு வேகத்துல ஓட்டுறாங்க, அதனாலதான் ரீபில்ட் இவ்வளவு கவலையான விஷயமா ஆகுது.

டி.எஃப்.வி.-யில ஒரு பெரிய யோசனை என்னன்னா, எஞ்சினே காரோட எலும்பு. முன்னாடி டிரைவர் உட்கார்ற கூடு, அதுக்குப் பின்னால போல்ட் போட்டு எஞ்சின், எஞ்சினுக்குப் பின்னால கியர்பாக்ஸ், அதுல பின் சஸ்பென்ஷன். நடுவுல தனி சட்டமே கிடையாது. அதனால எஞ்சின் தாழ்வாவும் கட்டுக்கோப்பாவும் இருக்கணும். பம்புகள் எல்லாம் எஞ்சினோட கீழ்ப்பக்கம், ரெண்டு விலாவையும் ஒட்டி அடுக்கி இருக்கும். ஆயிலுக்கும் தண்ணிக்கும் அங்கதான் வீடு.

அப்புறம் ஒரு குணம். இதோட கிராங்க் ஃபிளாட் பிளேன் வகை. இந்த வகை வி8 நல்லா அதிரும். அந்த அதிர்வு பைப், டேங்க், பிராக்கெட் எல்லாத்துக்கும் போகும். ஐம்பது வருஷமா அதிர்ந்த ஒரு வெல்டிங் மேலோட்டமாப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அனுப்புறது ஈஸி

டிரை சம்ப்ல ரெண்டு வகை பம்ப் இருக்கு. ஒண்ணு பிரஷர் பம்ப். டேங்க்ல இருந்து எடுத்து, ஃபில்டர் வழியா பேரிங்குக்கு அனுப்புறது. இன்னொண்ணு ஸ்கேவெஞ்ச் பம்ப். கீழே விழுந்த ஆயிலை வாரி எடுத்து டேங்குக்குத் திருப்பி அனுப்புறது. நான் இதைத் திரும்பு பம்ப்னே சொல்லிடுறேன்.

கேட்டவுடனே, அனுப்புறதுதானே முக்கியம்னு தோணும். எனக்கும் காலேஜ்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா திரும்பு பம்போட கொள்ளளவு எப்பவும் பிரஷர் பம்பை விடப் பெருசா வெச்சிருப்பாங்க. ரெண்டு மடங்கு வரைக்கும், சிலதுல அதுக்கும் மேல. போறது எவ்வளவோ அவ்வளவுதானே திரும்பி வரணும், ஏன் பெருசு?

ஏன்னா போறது ஆயில். திரும்பி வர்றது நுரை.

பேரிங்ல இருந்து பீச்சி அடிச்ச ஆயில், சுத்துற கிராங்க்ல பட்டு, பிஸ்டன் கிளப்பின காத்தோட கலந்து, டீ மாஸ்டர் ஆத்தின டீ மாதிரி நுரைச்சு கீழே வருது. அளவுல அது ரொம்பப் பெருசு. கூடவே கிராங்க் கேஸ்ல இருக்கிற காத்தையும் சேர்த்துத்தான் அந்த பம்ப் இழுக்கணும்.

நம்ம ஆபீஸ் பாஷைக்கு வருவோம். இது ஒரு கியூ. மெசேஜ் போடுறவனை விட எடுக்கிறவன் வேகமா இருக்கணும். எடுக்கிறவன் கொஞ்சம் மெதுவானாலும் கியூ வீங்கும். இங்க கியூங்கிறது கிராங்க் கேஸ். ஆயில் அங்கயே தங்க ஆரம்பிச்சா கிராங்க் அதை அடிச்சுக் கடையும். பவர் போகும், சூடு ஏறும், நுரை இன்னும் அதிகமாகும். அதே நேரத்துல டேங்க் மெள்ள மெள்ளக் காலியாகுது.

இங்கதான் ஆபத்து. டிரைவர் முன்னாடி இருக்கிற ஆயில் பிரஷர் மீட்டர் எதைக் காட்டுது? அனுப்புற பக்கத்தை மட்டும். டேங்க்ல கடைசிச் சொட்டு இருக்கிற வரைக்கும் முள்ளு நல்லாத்தான் நிக்கும். திரும்பு பம்ப் பத்து நிமிஷமா நோயாளியா இருந்திருக்கலாம். முள்ளு ஆடும்போது டேங்க் காலி. அதுக்கப்புறம் சில விநாடிதான். டாஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்க, பின்னால டிஸ்க் நிரம்பிக்கிட்டிருக்கிற சர்வரைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பயம் புரியும்.

கழட்டுறதுக்கு முன்னாடி

சரி, ரீபில்ட். ஒரு டி.எஃப்.வி. வந்திருக்கு. ரொம்ப நாளைக்கு முன்னாடி பேரிங் போய் நின்ன எஞ்சின். முதல் வேலை ஸ்பேனரை எடுக்கிறது இல்ல, பேனாவை எடுக்கிறது. எந்த ஹோஸ் எங்கிருந்து எங்க போகுதுன்னு படம் வரையணும், ஒவ்வொண்ணுக்கும் சீட்டு கட்டணும். டிரை சம்ப்ல பாதை ஒரு வட்டம்: டேங்க், பிரஷர் பம்ப், ஃபில்டர், எஞ்சின், கீழ்த்தட்டு, வலை, திரும்பு பம்ப், கூலர், மறுபடி டேங்க். சில கார்கள்ல கூலர் அனுப்புற பக்கத்துல இருக்கும். நம்ம கார்ல எங்க இருக்குன்னு தெரியணும். பின்னாடி இது ரொம்ப முக்கியமாகப் போகுது.

அடுத்து, டேங்க்ல மிச்சம் இருக்கிற பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியா வடிகட்டணும். துணியில தங்குறதுதான் பிரேதப் பரிசோதனை அறிக்கை. காந்தம் இழுத்தா இரும்பு, அதாவது கியரோ ஷாஃப்ட்டோ. காந்தத்துக்கு வராம செம்பு நிறத்துல, ஈய நிறத்துல செதில் செதிலா இருந்தா அது பேரிங். லேசா, வெள்ளையா இருந்தா அலுமினியம், பிஸ்டனைப் பார்க்கணும். எஞ்சின் எதனால செத்துச்சுன்னு எஞ்சினைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சுடும்.

பம்ப்: சொட்டாத கசிவு

பம்பைப் பிரிச்சா உள்ள ஜோடி ஜோடியா கியர் இல்லன்னா மடல் வடிவ ரோட்டர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல ஒரு தகடு. எல்லாம் ஒரே ஷாஃப்ட்ல கோத்த மாதிரி இருக்கும். இங்க இடைவெளிதான் உயிர். கியரோட முகத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்கு இடைவெளி. அதை விடக் கூடினா ஆயில் முன்னாடி போகாம பின்னாடி நழுவும். குறைஞ்சா சூட்டுல விரிஞ்சு கடிச்சுக்கும்.

முன்னால எஞ்சின் செத்தப்போ உடைஞ்ச துகள் எல்லாம் இந்தத் திரும்பு பம்ப் வழியாத்தான் போயிருக்கு. அதனால தகட்டுல வட்ட வட்டமாக் கீறல் இருக்கும். தகட்டை மட்டமான பரப்புல வெச்சுத் தேய்ச்சு எடுக்கலாம். தேய்ச்ச அளவுக்கு இடைவெளி மாறும், மறுபடி அளக்கணும். கீறல் ஆழம்னா புதுசு செய்யணும்.

அடுத்து சீல்கள். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அனுப்புற பக்கம் சீல் போனா ஆயில் வெளியே சொட்டும். தரையில கறை தெரியும், நாம கண்டுபிடிச்சுடுவோம். உறிஞ்சுற பக்கம் சீல் போனா எதுவும் சொட்டாது. அங்க வெளிக்காத்தை விட உள்ளே அழுத்தம் குறைவு, அதனால காத்து உள்ளே போகும். தரை சுத்தமா இருக்கும், எஞ்சின் பளபளன்னு இருக்கும், பேரிங்குக்குக் குமிழ் குமிழா ஆயில் போய்க்கிட்டிருக்கும். 'ஒரு சொட்டு கூட ஒழுகலை'ன்னு பெருமையாச் சொல்ற எஞ்சினை நம்பிடக்கூடாதுன்னு அர்த்தம்.

டேங்க்ல இருந்து பம்புக்கு வர்ற ஹோஸுக்கும் இதே கதைதான். அது அகலமா இருக்கணும், நீளம் குறைவா இருக்கணும். பழைய ஹோஸ்ல வெளியே ஸ்டீல் பின்னல் புதுசு மாதிரி மின்னும். உள்ளே ரப்பர் உரிஞ்சு ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கிட்டிருக்கும். நிறுத்தி வெச்சுப் பார்த்தா வழி திறந்திருக்கும். பம்ப் இழுக்கும்போது அந்த நாக்கு வழியை அடைச்சுக்கும். வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால ஹோஸ் விஷயத்துல விவாதமே இல்ல, எல்லாம் புதுசு.

டேங்க்: 12 விநாடி அவகாசம்

டேங்க்னா வெறும் டப்பான்னு நினைச்சுடாதீங்க. அதோட முக்கியமான வேலையே ஆயில்ல இருந்து காத்தைப் பிரிக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு. டேங்க்ல 8 லிட்டர் ஆயில், நிமிஷத்துக்கு 40 லிட்டர் சுத்துதுன்னு வெச்சுப்போம். அப்போ ஒரு சொட்டு டேங்க்ல இருக்கிற நேரம் சராசரியா 12 விநாடி. அந்த 12 விநாடிக்குள்ள நுரை அடங்கி, குமிழ் மேல போய், சுத்தமான ஆயில் மட்டும் அடியில இறங்கணும். அதனாலதான் திரும்பி வர்ற குழாயை டேங்க் சுவரை ஒட்டி, பக்கவாட்டா வெச்சிருப்பாங்க. ஆயில் சுவரோட சுத்திச் சுத்தி இறங்கும். கனமான ஆயில் சுவர்ப்பக்கம் ஒதுங்கும், லேசான காத்து நடுவுக்கு வந்து மேல இருக்கிற மூச்சுக் குழாய் வழியா வெளியேறும். உள்ளே ஓட்டை போட்ட தகடுகளும் இருக்கும், ஆயில் அலையடிக்காம இருக்க.

நான் முன்னாடி அதிர்வைப் பத்திச் சொன்னேன்ல, அது இங்கதான் வருது. உள்ளே இருக்கிற அந்தத் தகடு வெல்டிங்ல விரிசல் விட்டிருக்கும். ஒரு துண்டு உடைஞ்சு அடியில விழுந்தா நேரா பிரஷர் பம்ப் வாய்க்குப் போகும். வெளியே இருந்து டார்ச் அடிச்சா முழுசும் தெரியாது. நல்ல ஒர்க்‌ஷாப்கள்ல டேங்க்கை வெட்டித் திறந்து, உள்ளே சுத்தம் பண்ணி, தகடு மாத்தி, திரும்ப வெல்டிங் பண்ணி, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பாங்க. கேட்கவே கஷ்டமா இருக்கு, இல்லையா? ஐம்பது வருஷப் பழமையான டேங்க்கை அறுக்கிறது. ஆனா அறுக்கலைன்னா அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே அது பின்னாடி எஞ்சினைக் கட்டுறோம்.

கூலர்: விட்டுக்கொடுக்க வேண்டிய பொருள்

இப்போ இந்த எபிசோடோட நடுமையத்துக்கு வந்துட்டோம். ஆயில் கூலர் திரும்பு பக்கத்துல இருந்தா, எஞ்சின் செத்த அன்னைக்கு வந்த துகள் முதல்ல போய்ச் சேர்ந்த இடம் அதுதான். கூலர் உள்ளே மெல்லிசான குழாய்கள், அதுக்குள்ள சூட்டைக் கடத்துறதுக்காக மடிப்பு மடிப்பாத் தகடுகள். துகள் போய் ஒளியறதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது.

கழுவலாமேன்னு கேட்பீங்க. மண்ணெண்ணெய் ஊத்திக் குலுக்கலாம், எதிர்த்திசையில பீச்சி அடிக்கலாம், அல்ட்ராசோனிக் தொட்டியில போடலாம். வெளியே வர்ற திரவம் சுத்தமா இருக்கும். அப்புறம் கார்ல மாட்டி, சூடான ஆயில் அழுத்தத்தோட, அதிர்வோட ஓடும்போது, எங்கயோ மடிப்புல இருந்த துகள் கழண்டு வரும். ஃபில்டர் பிடிக்காதான்னு கேட்டா, பெரும்பாலும் பிடிக்கும். ஆனா குளிர்ந்த கெட்டி ஆயில்ல ஃபில்டர் திணறும்போது, அதைச் சுத்திப் போக ஒரு பைபாஸ் வால்வ் திறக்கிற அமைப்பா இருந்தா, ஆயிலோட சேர்ந்து துகளும் பேரிங்குக்குப் போயிடும்.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. எது சரியில்லைன்னாலும் ரீஸ்டார்ட் பண்ணு. சர்வர் புதுசா, சுத்தமா எழுந்து நிக்கும். ரெண்டு நிமிஷத்துல மறுபடி விழும். ஏன்னா கெட்டுப்போன தரவு டேட்டாபேஸ்ல இருக்கு, சர்வர் எழுந்ததும் முதல் வேலையா அதைத்தான் எடுத்துப் படிக்குது. ஆயில் சிஸ்டமும் அதேதான். எஞ்சினை எவ்வளவு புதுசாக் கட்டினாலும், அதோட பழைய சாவு கூலர்லயும் டேங்க்லயும் பத்திரமா இருக்கு.

அதனால பேரிங் போன எஞ்சினோட கூலரைத் தூக்கிப் போட்டுடணும். இங்க பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு மனசு வலிக்கும். அது 1970-கள்ல அந்தக் கார்லயே இருந்த கூலர். ஒரிஜினல். அந்தக் காரோட மதிப்பே ஒரிஜினல்ங்கிற வார்த்தையிலதான் இருக்கு. பழைய கார் ரேஸ்ல ஓட எஃப்.ஐ.ஏ. ஒரு ஹிஸ்டாரிக் டெக்னிகல் பாஸ்போர்ட் கொடுக்குது, கார் அந்தக் காலத்து அமைப்புலயே இருக்குன்னு சொல்ற ஆவணம். அதுக்காகவும் எதையும் மாத்தத் தயங்குவாங்க.

என் கருத்து இதுதான். அதே அமைப்புல புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டுங்க. பழசைத் துடைச்சு அலமாரியில வைங்க, காரை வித்தா கூடவே கொடுங்க. ஓடுற காருக்கு ஒரிஜினல் கூலரை விட ஒரிஜினல் எஞ்சின் பிளாக் முக்கியம். கனெக்டிங் ராடு உடைஞ்சு பிளாக்கைத் துளைச்சுக்கிட்டு வெளியே வந்தா, அந்த வரலாற்றை எந்த வெல்டராலயும் முழுசாத் திருப்பித் தர முடியாது.

முதல் ஸ்டார்ட்

எல்லாம் மாட்டியாச்சு. சேர்க்கிற இடத்துல ஒரு எச்சரிக்கை: கேஸ்கெட் பேஸ்ட். ரெண்டு பாகம் சேரும்போது வெளியே எவ்வளவு பிதுங்குதோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். உள்ளே பிதுங்கினது பிஞ்சு போய் வலையை அடைக்கும். நம்ம பைக் மெக்கானிக் கடைகள்லயும் பார்க்கலாம், ஒழுகக்கூடாதுன்னு பாசத்தோட அள்ளி அப்புவாங்க. மெல்லிசா ஒரு பூச்சு போதும்.

உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழட்டிட்டு, எஞ்சின் எரியாம சும்மா சுத்த விடணும். ஆயிலை முன்னாடியே சூடு பண்ணிக்கணும், குளிர்ந்த கெட்டி ஆயில்ல பம்போட டிரைவ் உடையலாம், ஃபில்டர் வெடிக்கலாம். சுத்தவிட்டு ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, மீட்டர்ல பிரஷர் ஏறுதா. ரெண்டாவது, டேங்க் மூடியைத் திறந்து, திரும்பு குழாய்ல ஆயில் வருதா. முதல்ல காத்தும் எச்சில் மாதிரி நுரையும் துப்பும், அப்புறம் ஆயில் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் வட்டம் முழுமையாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம்தான் ஸ்டார்ட். கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, வலைகளைக் கழட்டிப் பார்க்கணும். ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை விரிச்சு வெளிச்சத்துல பார்க்கணும். திரும்ப ஓட்டணும், திரும்பப் பார்க்கணும். யாரும் இதை வீடியோவுல போடமாட்டாங்க. பார்க்க அவ்வளவு போர்.

நம்ம ஊர் டிரை சம்ப்

இதெல்லாம் ஐரோப்பாவுல பணக்காரங்க விளையாட்டு, நமக்கென்னன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. டிரை சம்ப் எஞ்சின் சென்னையிலயே பல வருஷம் தயாராச்சு. உங்க பெரியப்பா வீட்டு வாசல்ல கூட நின்னுருக்கலாம். திருவொற்றியூர்ல செஞ்ச அந்தக் கால வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் டிரை சம்ப் வகைதான். தனி டேங்க் வெளியே தெரியாது. எஞ்சின் கேஸுக்குள்ளேயே ஒரு தனி அறையா வார்த்திருப்பாங்க. அனுப்ப ஒரு பம்ப், திருப்ப ஒரு பம்ப், கணக்கு அதேதான்.

அதனால வியாதியும் அதேதான். ரெண்டு மூணு வாரம் எடுக்காம நிறுத்தி வெச்சா, டேங்க் அறையில இருக்கிற ஆயில் பம்போட சின்ன இடைவெளி வழியா மெள்ள நழுவி கிராங்க் கேஸுக்குப் போயிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா ஆயிலே இல்லாத மாதிரி இருக்கும். பதறிப்போய் ஒரு லிட்டர் ஊத்துவோம். ஸ்டார்ட் பண்ணினதும் திரும்பு பம்ப் பழைய ஆயிலை எல்லாம் கொண்டுவந்து சேர்க்கும். இப்போ ஆயில் ரொம்ப அதிகம். மூச்சுக் குழாய் வழியா வெளியே கக்கும்.

எங்க ஏரியாவுல புல்லட் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். டிரை சம்ப்ங்கிற வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதே இல்ல. ஆனா அவர் சொல்றது: "தம்பி, நின்ன வண்டியில ஆயில் பார்க்காத, ஊத்தாத. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விடு. மூடியைத் திறந்து ஆயில் திரும்பி வருதான்னு பாரு. அப்புறம் நிறுத்திட்டு அளவு பாரு." டி.எஃப்.வி. டேங்க்லயும் இதையேதான் செய்வாங்க: ஓடிச் சூடான எஞ்சின்ல மட்டும்தான் அளவு பார்க்கிறது.

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த தடவை வண்டிக்கு ஆயில் மாத்தும்போது, பழைய ஃபில்டரைக் கடையிலயே விட்டுட்டு வராதீங்க. ஒரு கவர்ல போட்டு வாங்கிட்டு வாங்க. கவனமா வெட்டி, காகிதத்தை விரிச்சு, ஒரு காந்தத்தைப் பக்கத்துல கொண்டு போங்க. பார்த்ததைப் படம் எடுத்து அனுப்புங்க. காந்தத்துல எது ஒட்டுச்சு, எது ஒட்டலைன்னு சேர்த்து எழுதுங்க. அதுல நாலஞ்சு படத்தை எடுத்து இன்னொரு எபிசோட்ல பேசலாம்.

அதுவரைக்கும், வணக்கம்.